சுண்ணாம்பு காயும்வரை

சிங்காரவேலு தைரியசாலி என்று தேரந்திடலில் யாரும் பொய்க்குக்கூடச் சொன்னதில்லை. பாம்பு என்றால் பயம், பல் டாக்டர் என்றால் பயம், கல்யாண வீட்டில் யாராவது மைக்கைக் கையில் திணித்தால் அதற்கும் பயம். அதெல்லாம் ஊரறிந்த சங்கதி. ஆனால் அறுபத்தேழு வயதில் மனுஷன் சொந்த வீட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்துப் பயந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார் பாருங்கள், அது ஊருக்குத் தெரியாது.

சுவரும் லேசுப்பட்ட சுவர் இல்லை. தேரந்திடல் கடலோரத்து மேட்டு ஊர். அந்த மேட்டுக்குள் சோழர் காலத்துப் பௌத்தப் பள்ளி ஒன்று, பிக்குகளின் மடம், புதைந்து கிடந்தது. பிக்குகள் தங்கிய அறைகளின் அடித்தளம், தண்ணீர் ஓடிய செங்கல் வாய்க்கால், உறை இடிந்த கிணறு என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அரசமரத்தடியில் தலை உடைந்த புத்தர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் புத்தர் என்று தெரியாத காலத்திலேயே ஊர்ஜனம் அவருக்குத் தலையில்லாச் சாமி என்று பெயர் வைத்து, தலைவலி வந்தால் அவருக்குத்தான் எலுமிச்சம்பழம் நேர்ந்துகொள்ளும். தலையே இல்லாதவருக்குத் தலைவலியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. தலைவலி போய்க்கொண்டுதான் இருந்தது.

பள்ளியின் செங்கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதே இல்லை. ஊர் வீடுகளைத் தட்டிப் பார்த்தால் போதும். மேட்டைத் தோண்டிக் கல் எடுத்துத்தான் ஆளாளுக்கு வீடு கட்டியிருந்தார்கள். சிங்காரவேலுவின் முப்பாட்டன் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. கல்லைப் பெயர்ப்பானேன், சுமப்பானேன் என்று, மேட்டுச் சரிவில் ஆள் உயரத்துக்கு நின்ற சுவரோடு மற்ற மூன்று பக்கத்தையும் சேர்த்துக் கட்டிக் கூரையைப் போட்டுவிட்டார். அந்தப் புண்ணியவான் உடம்பு வணங்காததால் பள்ளிச் சுவர் ஒன்று பூச்சு உதிராமல், இந்த வீட்டு அடுப்படியில் தப்பித்து நின்றது. உள்ளே பிக்குகள் அடித்த சுண்ணாம்பு, அதற்கு மேலே வருஷா வருஷம் பொங்கலுக்கு இந்தக் குடும்பம் அடித்த சுண்ணாம்பு. அக்கம்பக்கமெல்லாம் பெயின்டுக்கு மாறிய பிறகும் சிங்காரவேலுவின் அம்மா தமிழரசி மாறவில்லை. அடுப்புப் புகைக்குச் சுண்ணாம்புதான் என்று கடைசிவரைக்கும் பிடிவாதமாக இருந்தாள்.

வந்தது வினை அங்கேதான்.

தொல்லியல் ஆய்வாளர் நூர்நிஷா நாகூர்க்காரி. டாக்டர் பட்டம் வாங்கியவள் என்பதால் ஊரே டாக்டரம்மா என்று கூப்பிட்டது. ஆரம்பத்தில் ரெண்டு பேர் காய்ச்சலுக்கு மாத்திரைகூடக் கேட்டார்கள். அவள் ஒரு நாள் காலையில் அடுப்படிச் சுவரை விரல் முனையால் தடவிப் பார்த்துவிட்டு, ஆசை தாளாத குரலில் சொன்னாள்.

"சுண்ணாம்பு காத்தைக் குடிச்சுக் குடிச்சுத்தான் கல்லாகுது ஐயா. அப்படி இறுகுற நேரத்துல பக்கத்துல யார் என்ன பேசினாலும் அந்த அதிர்வு அதுக்குள்ளயே உறைஞ்சு போயிடும். காய்ஞ்ச பிறகு நீங்க தொண்டை கிழியக் கத்தினாலும் அதுக்குக் காது கிடையாது."

"அப்ப வெள்ளையடிச்ச அன்னைக்குப் பேசினது மட்டும்..." என்று இழுத்தார் சிங்காரவேலு.

"அன்னைக்கும், அடுத்த நாளும். ஒவ்வொரு பூச்சும் பாலேடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு கிடக்குதுல்ல? எங்க மெஷின் மேலேருந்து ஒவ்வொரு ஏடா உரிச்சுக்கிட்டே படிக்கும். கடைசி ஏடு பிக்குகளோடது."

"உரிச்ச ஏடு?"

"தூளாயிடும் ஐயா. ஒரே ஒரு தடவைதான் கேக்கலாம்."

மெஷினுக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஜனங்கள் வைத்த பெயர் ஒட்டுக்கேட்டான். அது வந்து சில வருஷத்துக்குள் நாட்டில் பெரிய களேபரமே நடந்திருந்தது. சொத்துத் தகராறுக்காரர்கள் பூர்வீக வீட்டுச் சுவரைச் சாட்சிக்கு இழுத்தார்கள். வரன் தேடும் விளம்பரங்களில் 'வீடு முழுதும் பெயின்ட்' என்று போட்டுக்கொண்டார்கள். சுண்ணாம்பு அடித்த வீடுகளில் அது காயும்வரை குடும்பமே மௌன விரதம். சண்டை வந்தால் தெருவுக்கு வந்துதான் போட்டார்கள், தெருவுக்கும் நல்ல பொழுதுபோக்கு. கடைசியில் சட்டம் ஒன்று வந்தது. குடியிருக்கும் வீட்டின் ஏடுகளை வீட்டுக்காரர்கள் மட்டுமே கேட்கலாம், பிரதி எடுக்கக் கூடாது. கேட்காமலே உரித்துத் தள்ளலாம்தான். ஆனால் அதற்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும்.

சும்மா விட்டுவிடவும் வழியில்லை. கடல் ஏறிக்கொண்டே வந்தது. ஊர்க் கிணறெல்லாம் உப்புக் கரித்து, பாதிக் குடும்பம் மேற்கே புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டது. மிச்சப் பேரும் மாசிக்குள் கிளம்ப வேண்டும். சுவரைப் பாளம் பாளமாக அறுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக நூர்நிஷாவுக்குக் கொள்ளை ஆசை. மேலிடத்திலோ, இது பள்ளியே இல்லை, நெல் சேர்த்து வைத்த களஞ்சியம், இதற்கு அவ்வளவு செலவு ஆகாது என்று ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். பிக்குகளின் குரல் ஒன்று கிடைத்தால் சுவர் பிழைக்கும். இல்லாவிட்டால் கடலுக்குப் போகும்.

சிங்காரவேலுவின் மனைவி வினோதினி, ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் நடத்திய டீச்சர், விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தாராளமா எடும்மா. பிக்கு வர்றாரோ இல்லியோ, எங்க கல்யாணமான வருஷத்து ஏடு வருமில்ல? அதை மட்டும் நல்லா சத்தமாப் போடு. என் மாமியா இந்த அடுப்படியில வச்சுத்தான் என் வாழ்க்கைக்குப் பூட்டுப் போட்டாங்க. அதை என் காதால கேக்கணும்."

சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்காமல் போனது அந்த நிமிஷத்தில்தான்.

கதை இதுதான். வினோதினி கடல்வாழ் உயிரியல் படித்தவள். கல்யாணமான புதிதில் அந்தமானில் பவளப்பாறை ஆராய்ச்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு வருஷ வேலை. அவள் குதித்துக்கொண்டு வந்து சொன்னபோது சிங்காரவேலுவும் சிரித்தார். சிரித்த வாய் அப்படியே இருக்க, உள்ளே பயம் கவ்விக்கொண்டது. இவ்வளவு கெட்டிக்காரி, போனவள் திரும்பி வருவாளா? கிராமத்தில் டிரோன் பழுதுபார்க்கிறவனை ஞாபகம் வைத்திருப்பாளா? போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? பொங்கலுக்கு வெள்ளையடித்த நாள் அது. அந்த வாசனை வினோதினிக்கு ஆகாது, மூச்சு இரைக்கும். அதனால் அவள் எட்டிப் பார்க்காத இடம் அன்றைக்கு அடுப்படி ஒன்றுதான். அங்கே, ஈரச் சுவருக்குப் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி வைத்துக் கெஞ்சினார்.

தமிழரசி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "போகட்டும்டா, புள்ள ஆசையா கேக்குது" என்றுதான் சொன்னாள். இவர் அழுதார். கடைசியில் அவள், "சரி, நான் மாட்டேன்னு சொன்னதா சொல்லித் தொலை. என் தலையில போட்டுக்கோ" என்றாள். அவரும் போட்டார். அம்மா ஒரே பிடிவாதம், நான் எவ்வளவோ போராடிப் பார்த்தேன் என்று மனைவியிடம் கண்கலங்கச் சொன்னார். அன்று தொடங்கி, மாமியார் கண்ணை மூடும்வரை வினோதினி அவளிடம் முகம் கொடுத்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. தமிழரசியும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது சுவர் வாயைத் திறக்கப் போகிறது.

மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். சுவரில் வண்டு துளைத்திருக்கிறது, மெஷின் வைத்தால் இடிந்து விழும் என்றார். அந்த வருஷம் வெள்ளையே அடிக்கவில்லை என்று சாதித்தார். "நீங்கதான அடிச்சீங்க? மூஞ்சியெல்லாம் சுண்ணாம்போட மயிலைக்காளை மாதிரி நின்னீங்களே" என்றாள் வினோதினி. கேட்காமலே உரித்துவிடலாமே, செத்தவர்கள் பேச்சை எதற்குக் கிளற வேண்டும் என்று தத்துவம் பேசினார்.

"ஏன், உங்கம்மா மாட்டிக்குவாங்கன்னு பயமா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

முடியாமல் அரசமரத்தடிக்குப் போய், கிணற்று உறையை அளந்துகொண்டிருந்த நூர்நிஷாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

"அந்த ஒரு ஏட்டை மட்டும் தாண்டிப் போக முடியாதாம்மா?"

"அதை உரிக்காம அடியில இருக்கறதுக்குப் போக முடியாதே ஐயா. டீச்சர் சம்மதிச்சாதான் கேக்காம உரிக்கலாம்."

"அவ சம்மதிப்பாளா?"

"உங்க பேச்சைப் பார்த்தா சந்தேகம்தான்," என்றாள். பிறகு பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். "ஒண்ணு இருக்கு. நீங்க வெள்ளையடிக்கறது மார்கழிக் கடைசியிலதான? கோயில் ஸ்பீக்கர் போட்டிருப்பாங்க. எங்க தொழிலுக்குப் பெரிய எதிரியே அந்தக் குழாய் ஸ்பீக்கர்தான். பாதி வீட்டு ஏட்டுல பாட்டைத் தவிர வேற ஒண்ணுமே கிடைக்காது. அன்னைக்கு ஸ்பீக்கர் போட்டிருந்ததா?"

சிங்காரவேலு கண்ணை மூடி யோசித்தார். அம்மாவின் முகம் ஞாபகம் இருந்தது. சுண்ணாம்பு வாளி ஞாபகம் இருந்தது. ஸ்பீக்கர் ஞாபகமில்லை. வாழ்நாளெல்லாம் அந்த மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரைத் திட்டித் தீர்த்த மனிதர், அது அன்றைக்கு மட்டும் பாடியிருக்க வேண்டும் தாயே என்று அந்த மாரியம்மனையே வேண்டிக்கொண்டார்.

உரிக்கும் நாள் வந்தது. அடுப்படியைக் காலி செய்து, சுவரை ஒட்டி மெஷினை நிறுத்தினார்கள். வீட்டு ஏடுகள் முடியும்வரை ஒலி அந்த இரண்டு பேர் காதுக்கு மட்டும்தான். நூர்நிஷா திரையைப் பார்த்து இயக்குவதோடு சரி. சிங்காரவேலுவும் வினோதினியும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு ஏட்டில் மகன் தூரத்து ஊரிலிருந்து போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் சிங்காரவேலு, யாரும் இல்லை என்ற தைரியத்தில், காதல் பாட்டு ஒன்றை அடித்தொண்டையில் பாடி நாசம் செய்துகொண்டிருந்தார். வினோதினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பல ஏடுகளில் நூர்நிஷா சொன்னது போலவே ஸ்பீக்கர்தான். ஊரே அம்மனை அழைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது ஒலிக்கும்போதும் சிங்காரவேலுவுக்கு உயிர் வந்தது. அது இல்லாத ஏடு வந்தால் போயிற்று.

ஏடு உரிய உரியக் குரல்கள் இளமையாகிக்கொண்டே வந்தன. செத்துப்போன அம்மா நடுவில் வந்து சேர்ந்துகொண்டாள். கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்து ஏடு வந்தபோது ஸ்பீக்கர் இல்லை. பாத்திரம் உருளும் சத்தம். வெள்ளையடித்த மறுநாள் போலிருக்கிறது, இளம் வினோதினியின் குரல் வந்தது, கத்தி மாதிரி.

"உங்களாலதான் நான் இங்க உலை வச்சிட்டு உக்காந்திருக்கேன். சந்தோஷம்தான உங்களுக்கு?"

தமிழரசியின் குரல் மெல்ல வந்தது. "ஆமாம்மா. என்னாலதான்."

அடுத்து, கூடத்திலிருந்து, ஒன்றுமே தெரியாத அப்பாவியின் குரல்: "அம்மா, முந்திரி வாங்கியாச்சா?"

"பாத்தீங்களா?" என்றாள் வினோதினி பெருமையாக. "அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. அடுத்ததுதான் அந்த வருஷம். போடும்மா."

சிங்காரவேலு அந்த முந்திரியிலேயே நின்றுவிட்டார். அம்மா அப்படிச் சொன்னது அன்றைக்கே அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்துதான் முந்திரியைக் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அதை மறந்தே போயிருந்தார். அவமானம் குப்பென்று முகத்தில் ஏறியது. நூர்நிஷாவின் விரல் பொத்தானுக்குப் போனது.

"நிறுத்தும்மா," என்றார். குரல் கீச்சென்று வந்தது. "வினோ. அம்மா உன்னைப் போகச் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். நீ திரும்பி வரமாட்டியோன்னு பயம். அழுது, கெஞ்சி, அவங்க பேரைச் சொல்லிக்க அனுமதி வாங்கினேன். அவங்க ஒரு தப்பும் பண்ணல."

நூர்நிஷா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். வினோதினி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"போடும்மா," என்றாள்.

ஏடு உரிந்தது. ஸ்பீக்கர்! காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர். உடுக்கை, பம்பை, அம்மனின் ஆயிரம் பெயர். அதற்கு அடியில் யாரோ இரண்டு பேர் முணுமுணுக்கிறார்கள் என்பது தெரிந்தது, ஒரு வார்த்தை புரியவில்லை. மாரியம்மன் வேண்டுதலை அப்படியே நிறைவேற்றியிருந்தாள். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மனுஷன் தப்பித்திருக்கலாம்.

சிங்காரவேலு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அப்போது ஏட்டில் பாட்டு பட்டென்று நின்றது. கரண்ட் போயிருக்க வேண்டும். அந்தத் திடீர் அமைதியில் தமிழரசியின் குரல், சுவருக்குப் பக்கத்தில் நின்று யாரையோ கூப்பிடுகிற குரல், துல்லியமாக வந்தது.

"வினோ... தண்ணி சுட்டிருக்கும்மா. பனியில நிக்காத, வந்து குளிச்சிடு."

கரண்ட் வந்தது. மறுபடி உடுக்கை. ஏடு முடிந்தது.

வினோதினி காதிலிருந்த கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை போடும்மா," என்றாள்.

"டீச்சர்..."

"கடைசியில மட்டும். தண்ணி சுட்டிருக்குன்னு சொன்னாங்களே, அது மட்டும்."

"முடியாது டீச்சர். அது போயிடுச்சு." நூர்நிஷாவின் கண் போன இடத்தில், சுவரடியில், கோலப்பொடி சிந்தினாற்போலக் கொஞ்சம் வெள்ளைத் தூள் கிடந்தது. வினோதினி குனிந்து அதில் ஒரு சிட்டிகை எடுத்தாள். எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், விரலிலேயே வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. கோபித்துக் கத்தியிருந்தால் சிங்காரவேலுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள், அவர் தட்டை மட்டும் அவரே எடுத்துக்கொள்ளும்படி விட்டாள். சாமான்களை மூட்டை கட்டினாள். ஒரு சாயங்காலம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "நான் போகத்தான் கூடாதுன்னுட்டீங்க. அதுவே தேடிக்கிட்டு வந்துடுச்சு பாருங்க," என்று பொதுவாகச் சொன்னாள். அவரிடம் சொன்னாளா, கடலிடம் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தார்.

வீட்டு ஏடுகள் தீர்ந்து, மேட்டு மண் ஒட்டிய வெற்றுப் பூச்சு வந்து, அதுவும் தீர்ந்து, பிக்குகளின் ஏட்டை மெஷின் தொட்ட அன்று நூர்நிஷா பரபரப்பில் சோறு தின்னவில்லை. அது பொதுச் சொத்து, எல்லாரும் கேட்கலாம் என்பதால் ஒலியைத் திறந்துவிட்டாள். கேட்க அங்கே இருந்தது சிங்காரவேலுவும், கதவோரம் வந்து நின்ற வினோதினியும்தான்.

நிறையப் பேர் கூடி உட்காரும் சலசலப்பு. இருமல். பிறகு ஒரு கிழட்டுக் குரல், பாதி பாலி மொழி, பாதி இந்தக் கடலோரத்துத் தமிழ். நூர்நிஷா துள்ளியே விட்டாள்.

"களஞ்சியமாம் களஞ்சியம்! ஐயா, சபை கூடியிருக்காங்க! மழைக்காலம் பூரா ஊர் சுத்தாம ஒரே இடத்துல தங்கி முடிச்ச நாளு. இதுக்குன்னே சுவரெல்லாம் வெள்ளையடிச்சிருக்காங்க போல."

"என்ன சொல்றாரு?" என்றாள் வினோதினி. பல நாளுக்குப் பிறகு அந்த அடுப்படியில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இது அவங்க வழக்கம் டீச்சர். ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் எடுத்துச் சொல்ல மாட்டாங்க. தப்புப் பண்ணினவரே சபை நடுவுல உக்காந்து கேப்பாரு. எங்கிட்ட நீங்க என்ன குத்தம் கண்டீங்க, கேட்டீங்க, சந்தேகப்பட்டீங்க, தயவு பண்ணிச் சொல்லுங்கன்னு. இருக்கறதுலயே மூத்தவர்தான் முதல்ல கேக்கணும். அவர்தான் இப்பக் கேக்கறாரு."

சுவரில் துணி உரசும் சத்தம் மட்டும். பெரியவர் ஆயிற்றே, யார் வாயைத் திறப்பார்கள்? கடைசியில் ஒரு கரகரத்த குரல் துணிந்தது. நூர்நிஷா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெரியவர் என் பேரை மறந்துட்டு வேற பேர் சொல்லிக் கூப்பிடறாருங்கறாரு." இன்னொரு குரல், பெரியவர் கஞ்சியை முதலில் கலக்கி அடியில் இருக்கும் பருப்பைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார் என்றது. எங்கோ ஒருவர் சிரிப்பை அடக்குவது ஆயிரம் வருஷம் தாண்டித் தெளிவாகக் கேட்டது. பெரியவர் ஒவ்வொன்றுக்கும், ஆம், திருத்திக்கொள்கிறேன் என்றார். பருப்புக்குக் கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

ஏடு தீர்ந்தது. சுவரில் பெரிய பெரிய செங்கல் மட்டும் செக்கச் செவேலென்று நின்றது. சுவர் பிழைத்துவிட்டது, பாளம் பாளமாக அறுத்து வண்டியேற்ற உத்தரவும் வந்தது. அறுக்கும்போது கல் உதிராமல் இருக்க மேலே புதுச் சுண்ணாம்பு பூச வேண்டும் என்றாள் நூர்நிஷா. ஆட்களை வைத்துக் காலையில் பூசி முடித்தாள். அடுப்படி மறுபடியும் பொங்கல் வந்தாற்போல வெள்ளையாகியது.

"காயறவரைக்கும் இங்க பேசாதீங்க ஐயா. பேசினா அதுவும் சேர்ந்து அருங்காட்சியகத்துக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கூட்டிவரப் போய்விட்டாள்.

சிங்காரவேலு வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறப் போனார். வினோதினி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். சுண்ணாம்பு வாசனை இப்போதும் அவளுக்கு ஆகாது. ஸ்டூலை ஈரச் சுவருக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே இன்னொரு ஸ்டூலைக் காட்டினாள்.

"உக்காருங்க."

"வினோ, சுவர் ஈரமா இருக்கு," என்று கிசுகிசுத்தார்.

"தெரியும். அதான் இப்ப வந்தேன்." முந்தானையை எடுத்துவிட்டு நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு உங்க மேல இருக்கற கணக்கு தனி. அதைப் புது வீட்டுல வச்சுக்கறேன், அங்க பூராவும் பெயின்ட். இங்க நான் அவங்ககிட்டக் கேக்கணும். அவங்க இல்ல. அவங்களுக்குப் பதிலா நீங்க சொல்லுங்க. அத்தைக்கு நான் என்னென்ன பண்ணேன்? கண்டது, கேட்டது, எல்லாம். ஒண்ணு விடாம."

சிங்காரவேலு மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வினோ வரலியாடான்னு கேட்டாங்க. நீ வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வரல."

"கேட்டாங்களா? என்னைக் கேட்டாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே?"

"சொல்லல. நீ உள்ள வந்தா, அவங்க ஏதாவது உளறிடுவாங்களோன்னு..."

"அப்ப அது யார் குத்தம்?"

"என்னுது," என்றார்.

"சுவரைப் பார்த்துச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு அடுத்ததை யோசித்தார். "ஒரு தீபாவளிக்கு அவங்க எடுத்துக் குடுத்த புடவையை நீ கட்டவே இல்ல. அப்படியே பொட்டியில கிடந்துச்சு."

"எந்தப் புடவை? அவங்க எனக்கு எடுத்ததே இல்லியே."

சிங்காரவேலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடல் நீலப் புடவை. நான் எடுத்ததுன்னு சொன்னா நீ சந்தோஷப்படுவன்னு... அப்ப நீ என் மேல வேற ஏதோ கோபத்துல இருந்த, அதனால கட்டல."

வினோதினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். அவள் வந்தது தன் குற்றத்தைக் கேட்க. இங்கே ஒவ்வொரு மூட்டையை அவிழ்த்தாலும் உள்ளே இவரே உட்கார்ந்திருந்தார்.

"என் குத்தம்னு ஒண்ணாவது இருக்கா இல்லியா?"

"இருக்கு," என்றார் சிங்காரவேலு மெல்ல. "நான் சொன்னதை நம்பின."

அவள் சுவர் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆமாம் அத்தை. திருத்திக்கறேன்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள்.

"அடுத்தது."

சிங்காரவேலு சுவரைத் தொட்டுப் பார்த்தார். கடல்காற்று ஈரமாக வீசிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு இப்போதைக்குக் காய்வதாக இல்லை.